ஸ்டே கம்பியிலிருந்து வந்தது

ஒக்கி அடித்த மறுநாள்
அருமனைக்கு அப்பால் ரப்பர் மரங்கள்
ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தன.
விழுந்த கம்பங்களை எண்ணிக்கொண்டு போய்
நூற்றுப் பதினேழில் நிறுத்திவிட்டேன்.
அதில் ஒன்றில் கோவைக்கொடி.
கம்பம் மூன்றாக ஒடிந்து ஓடைக்குள் கிடந்தது.
கொடி மட்டும்
விழுந்ததை ஒத்துக்கொள்ளவில்லை.
ஸ்டே கம்பியைப் பிடித்த பிடி
பிடித்தபடி இருந்தது.

வெட்டினேன். வெட்டுவது என் வேலை.
ஒரு சாண் தண்டை மட்டும்
கருவிப் பைக்குள் ஏன் போட்டேன்?
யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும் சொல்ல ஒன்றுமில்லை.

பதினாலு நாள் ஆபீஸ் பெஞ்சில் உறக்கம்.
"ஓய், உமக்க வீட்டுல கரண்டு உண்டுமா?"
போகிற இடமெல்லாம் இதே கேள்வி.
இல்லை என்று சொன்னால்
சிரிக்கக்கூட மாட்டார்கள்.

பதினைந்தாம் நாள் பையைக் கவிழ்த்தேன்.
கட்டிங் பிளேயருக்கும் இன்சுலேஷன் டேப்புக்கும் நடுவில்
வதங்கிக் கிடந்த தண்டு
கணுவில்
கடுகளவு பச்சை வைத்திருந்தது.

கிணற்றடியில் நட்டேன்,
லில்லி புஷ்பம் சாளை கழுவுகிற இடத்தில்.
இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே.
என் விவசாயம் அவ்வளவுதான்.
மற்றதை மீன்தண்ணி பார்த்துக்கொண்டது.
பந்தலுக்குக் கம்பி கருங்கல் கடையில் வாங்கியது,
ஆபீஸ் கம்பி அல்ல,
பில் இருக்கிறது.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை.
மூன்றாம் மாதம்
சோப்பு டப்பா, வாளிக் கைப்பிடி,
காயப்போட்ட என் காக்கிச் சட்டையின் பொத்தான்துளை,
கிடைத்ததையெல்லாம் பிடித்தது.

முதல் காய்களைத் துவரன் வைத்தாள்.
ஒரு வாய். துப்பினாள்.
"கம்பத்துல கெடந்ததுக்க புத்தி
கம்பத்துலதான் இருக்கும்."
கசப்பென்றால் அப்படியொரு கசப்பு,
பாகல் இதற்குத் தம்பி முறை.

அன்று பிடுங்கி எறிந்தாள்.
இடவப்பாதி மழைக்கு வந்தது.
மறுபடி பிடுங்கினாள்.
துலாம் மழைக்கு வந்தது.
மண்ணுக்கடியில் கிழங்கொன்று
யாருக்கும் காட்டாத பாஸ்புக் மாதிரி.
மூன்றாம் தடவை வந்தபோது
இலைகளில் பூச்சி விழுந்தது.
ஒரு காலையில் எழுந்து பார்த்தால்
இலையெல்லாம் அடுப்புச் சாம்பல்.
தூவியது யார் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து
பற்றுச்சுருளைப் பார்ப்பேன்.
பாதி தூரம் வலமாகச் சுற்றுகிறது,
நடுவில் நின்று
மீதியை இடமாகச் சுற்றுகிறது.
காற்று இழுத்தால் நீள்கிறது,
விட்டால் சுருங்குகிறது, அறுவதில்லை.
இருபத்திரண்டு வருஷம் கம்பி கட்டியவன் நான்.
இந்தக் கட்டு எனக்கு வராது.

மாசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவேன்.
வெட்டாவிட்டால்
வீட்டு சர்வீஸ் ஒயரில் ஏறிவிடும்.
ஒருமுறை ஏறியது.
பக்கத்து வீட்டு ராஜையன் போன் செய்து
புகார் கொடுத்தார்,
புகாரை எழுதியதும் நான்,
ஏணி கொண்டு போனதும் நான்.

வேலையில், கம்பத்துக் கொடிகளை
வேரோடு அகற்ற வேண்டும்.
'அகற்றப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதுவேன்,
கீழே என் கையெழுத்து.
நான் தோண்டுவதும் உண்மைதான்,
கிழங்கு எட்டும் ஆழத்துக்குத்தான்
கை போவதில்லை.

இன்று காலை
பந்தலில் பழுத்த ஒன்றைப் பிளந்து
செந்தசையைத் தின்றுவிட்டு
கொண்டைக்குருவி பறந்துபோய்
முக்கு ரோட்டுக் கம்பத்தில் உட்கார்ந்தது.
வாலைத் தூக்கியது.

கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.